பூங்கா யார் கொடுத்த கொடை?

கேள்வி: மன்னர்கள் தங்கள் தோட்டங்களை மக்களுக்குத் திறந்துவிட்டதால் பொதுப் பூங்காக்கள் வந்தன, ஆளே இல்லாத காட்டை அமெரிக்கா காப்பாற்றி வைத்ததால் தேசியப் பூங்கா வந்தது என்று ஒரு பேச்சாளர் முழங்கினார். இது சரியா?

பதில்: முதல் பாதியில் கால்வாசி உண்மை. இரண்டாம் பாதி முழுத் தவறு.

லண்டன் ஹைட் பார்க்கை எட்டாம் ஹென்றி 1536-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்திடமிருந்து எடுத்துக்கொண்டது வேட்டைக்காக. ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் சார்லஸ் 1637-ல் பொதுமக்களை உள்ளே விட்டார். அந்தக் கால்வாசி இதுதான். ஆனால் மன்னர் மனம் வைத்துத் திறந்த கதவு வேறு, மக்களுக்கே சொந்தமான பூங்கா வேறு. இரண்டாவது, தொழிற்சாலை நகரங்களின் புகையிலும் நெரிசலிலும் பிறந்தது. உழைக்கும் மக்களுக்குக் காலாற நடக்கக்கூட இடமில்லை என்று 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே சொல்ல வேண்டியிருந்தது. கிழக்கு லண்டனுக்குப் பூங்கா கேட்டு 30,000 பேர் அரசியிடம் மனுக் கொடுத்தார்கள். 1845-ல் விக்டோரியா பார்க் வந்தது. இதற்குப் பெயர் கொடையா? கேட்டு வாங்கியது.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்கன்ஹெட், பொதுப் பணத்தில் நிலம் வாங்கி, தோட்ட வடிவமைப்பாளர் ஜோசப் பாக்ஸ்டனை வைத்துப் பூங்கா அமைத்து 1847-ல் திறந்தது. 1850-ல் அங்கே வந்த அமெரிக்கர் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், ஏழையும் பணக்காரரும் ஒரே புல்வெளியில் உலவுவதைக் கண்டு வியந்து எழுதினார். பின்னாளில் கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர் அவர்தான்.

அந்த சென்ட்ரல் பார்க் நிலமும் காலி மனையாக இருக்கவில்லை. அதன் மேற்கு ஓரத்தில் செனகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொந்த வீடு, தேவாலயம், பள்ளி, இடுகாடு எல்லாம் வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் அன்று கறுப்பின ஆண் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து இருக்க வேண்டும். ஆகவே அங்கே போனது வீடு மட்டுமல்ல, சிலருக்கு ஓட்டும்தான். இழப்பீடு கொடுத்து 1857-க்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

சரி, தேசியப் பூங்காவுக்கு வருவோம். 1872 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்நாட்டின் மேற்கில் உள்ள யெல்லோஸ்டோனை முதல் தேசியப் பூங்காவாக்கியது. அது இருபது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மக்களின் மகிழ்ச்சிக்கான பூங்கா என்று ஒதுக்கியது. அதே பிரிவிலேயே, அங்கு குடியேறுவோரும் தங்குவோரும் அத்துமீறியவர்களாகக் கருதப்பட்டு வெளியேற்றப்படுவார்கள் என்றும் இருக்கிறது. ஆளே இல்லை என்று சொல்கிறீர்களே, அங்கே மலையாட்டை வேட்டையாடி வாழ்ந்த துகுதிகா ஷோஷோனி மக்கள் யார்? அந்த மண்ணின் எரிமலைக் கண்ணாடிப் பாறையிலிருந்து 11,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் அம்புமுனையும் கத்தியும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் தொலைதூர ஒஹாயோவில் பழங்குடிகள் எழுப்பிய பழங்கால மண்மேடுகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. பழங்குடிகள் வெந்நீர் ஊற்றுக்குப் பயந்து அந்தப் பக்கமே வரவில்லை என்ற கதை பின்னால் கட்டப்பட்டது. அதைப் பரப்பியவர்களில் பூங்காவின் கண்காணிப்பாளர் பிலிட்டஸ் நாரிஸும் ஒருவர். சுற்றுலாப் பயணிகள் தைரியமாக வர வேண்டுமே! துகுதிகா மக்கள் சில ஆண்டுகளில், பழங்குடிகளுக்கென்று அரசு வரையறுத்த ஒதுக்கிடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1886-லிருந்து 1918 வரை பூங்காவை நிர்வகித்தது ராணுவம். பயணிகளை எதிர்பார்த்து நார்தர்ன் பசிபிக் ரயில்வே இந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யெல்லோஸ்டோன் இல்லாவிட்டால் அமெரிக்கக் காட்டெருமை இன்று என்ன ஆகியிருக்குமோ. 1902-ல் அங்கே எஞ்சியிருந்தவை இரண்டு டஜன் அளவுதான். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் காட்டெருமையைக் காக்க மனிதரைத் துரத்தியே ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? நாட்டுக்கென ஒரு பூங்கா வேண்டும் என்று 1832-லேயே நினைத்த ஓவியர் ஜார்ஜ் கேட்லின், அதில் விலங்கோடு பழங்குடி மக்களும் இருக்க வேண்டும் என்றார். அவர்களைக் காட்சிப்பொருளாகப் பார்த்த குறை அவரிடம் உண்டு. இருந்தாலும் அந்த யோசனை சட்டத்துக்கு நாற்பது ஆண்டு முந்தியது. அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு வழி தோன்றவில்லை என்று உங்கள் பேச்சாளர் சமாதானம் சொல்லவும் இடமில்லை.