வென்டிலேட்டர் காற்றுக்கு ஈரம் எதற்கு? கேள்வி-பதில்

அப்பா ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். மெஷினோடு சுடுதண்ணீர் ஜாடி ஒன்று இணைத்திருக்கிறார்களே, அது எதற்கு?

அதுதான் ஹியூமிடிஃபையர். மூக்கும் தொண்டையும் செய்துவந்த வேலையை இப்போது அது செய்கிறது. சாதாரணமாக நாம் இழுக்கும் காற்று நுரையீரலை எட்டுவதற்குள் 37 டிகிரி சூடும், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் பெற்றுவிடும். தொண்டையில் டியூப் போட்டதும் காற்று அந்த வழியைத் தொடாமல் நேரே உள்ளே போகிறது. பைப்லைனில் வரும் ஆக்சிஜனிலோ ஈரமே கிடையாது. அதை அப்படியே கொடுத்தால் சளி இறுகும். ஒருமுறை நான் கழற்றிய டியூபுக்குள் சளி கோந்து மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. பென்சில் முனை நுழையும் அளவுக்குத்தான் துவாரம். அந்த நோயாளி அதன் வழியாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இன்றும் அதை மறக்க முடியவில்லை.

நான் ஐசியு நர்ஸ். எச்எம்இ ஃபில்டர் (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் சின்ன ஃபில்டர்) போதுமா, ஹீட்டட் ஹியூமிடிஃபையர் (சுடுதண்ணீர் ஜாடி) வேண்டுமா?

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் டியூப் எடுக்கப்போகிறவருக்கு எச்எம்இ தாராளமாகப் போதும். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையே பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குத் தருகிறது. ஆனால் சளி கெட்டியாகவோ நிறையவோ ரத்தத்தோடோ வந்தால் வேண்டாம். உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போனாலும், நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் மூச்சு ஓடினாலும் வேண்டாம். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலை) நோயாளிக்குச் சின்ன மூச்சாகக் கொடுக்கும்போது அந்த ஃபில்டரின் கொள்ளளவே வீணான இடமாகி, அதில் தங்கிய பழைய மூச்சே திரும்ப உள்ளே போய், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். இந்த இடங்களிலெல்லாம் ஹீட்டட்தான் என் தேர்வு. ஒய்-பீஸில் (மெஷினின் இரண்டு குழாய்களும் நோயாளி பக்கம் சேரும் இணைப்பில்) 34 முதல் 41 டிகிரிக்குள் இருக்கட்டும். அப்புறம், நெபுலைசர் கொடுக்கும்போது எச்எம்இயைக் கழற்ற மறக்காதீர்கள். மருந்து பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடும்.

சர்க்யூட்டில் (மெஷினையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்களில்) தேங்கும் தண்ணீரை ஜாடிக்கே திருப்பி விடலாமா?

கூடவே கூடாது. அதில் கிருமி இருக்கும். நோயாளி பக்கம் சாயாமல் வாட்டர் டிராப்பில் (குழாயில் உள்ள தண்ணீர் சேரும் கிண்ணத்தில்) வடித்துக் கொட்டுங்கள்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டியூபை ஒட்டிய பகுதியில் முத்து முத்தாக ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். அங்கே காய்ந்து கிடந்தால்தான் கவலை.

ஜாடியில் சலைன் ஊற்றலாமா?

வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு அடியில் தங்கும். ஸ்டெரைல் வாட்டர் மட்டும்.