ஆறு மாதம் நடந்தும் எடை குறையவில்லையே? – கேள்வி பதில்

எங்கள் காலை நடைக் குழுவில் நான் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 26 ஆண்டுகள் உணவியல் ஆலோசகராக வேலை பார்த்தவள் என்று தெரிந்ததிலிருந்து, சுற்றுக்கு ஒருவர் பக்கத்தில் வந்து நடந்தபடியே சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும் பதிலில் பாதிதான் காதில் விழும். அதனால், எழுதிக் கொடுங்கள், உட்கார்ந்து பதில் எழுதுகிறேன் என்றேன். வந்தவை கீழே. பெயர்களைப் போடவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், 61 வயது): ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் ஒரு மணி நேரம் நடக்கிறேன். 81 கிலோ இருந்தேன், இப்போது 80. இதற்குப் பேசாமல் வீட்டில் படுத்துத் தூங்கலாமே?

பதில்: தூங்கப் போய்விடாதீர்கள் ஐயா. உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் இதையெல்லாம் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் எடைக்கு ஒரு மணி நேர நடையில் ஏறத்தாழ 280 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 80 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 200. நடை முடிந்ததும் பூங்கா வாசலில் நாம் சாப்பிடும் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் 300 கலோரியைத் தொட்டுவிடும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. எடை ஏன் அசையவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

உடலுக்கும் ஒரு சிக்கனம் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுவதும் நடப்பவர்கள். அவர்கள் ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள் என்று ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அளந்தது. உடலின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் செலவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2012இல் வந்த முடிவு அது. நடையில் செலவானதை உடல் வேறு இடங்களில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொள்கிறது. எடை குறைய வேண்டுமானால் முதலில் தட்டில் கைவைக்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆனால், எடை குறையாவிட்டால் நடந்தது வீண் என்று எண்ணுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேரைப் பிரித்து, சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைச் சீர்செய்து தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்திய குழுவில் அது 39ஆகக் குறைந்தது. இதில் முக்கியமான செய்தி, அந்தக் குழுவினருக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதுதான். முள் நகராமலேயே நோய் தள்ளிப்போனது. இது 2006இல் வெளியானது, நம் ஊர் மனிதர்களை வைத்துச் செய்தது.

இதயத்துக்கும் அப்படியே. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவு. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது அந்தப் படிக்கட்டுகளிலிருந்துதான்.

ஐயா, இதே பூங்காவில் ஒருவர் மூன்று மாதம் நடந்துவிட்டு, எடை இறங்கவில்லை என்று நின்றுவிட்டார். பிறகு ஒருநாள் அவரைப் பார்த்தபோது, ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது என்றார். நடந்த நாட்களில் இரவில் நன்றாகத் தூக்கம் வந்தது, அதுவும் போய்விட்டது என்றார். நீங்களும் அப்படி நின்றுவிடக் கூடாது. நடையைத் தொடருங்கள். வடையை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து எனக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, 44): அரிசியை அடியோடு நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கும் சப்பாத்திக்கும் மாறிவிட்டோம். எட்டு மாதத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. என்ன தவறு?

பதில்: தவறு உங்களுடையது இல்லை அம்மா. அரிசிதான் வில்லன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். சமைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. சாமை, தினை, கம்பு எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அது நல்லது. ஆனால் மூன்று கரண்டி சோற்றுக்குப் பதில் மூன்று கரண்டி சாமைச் சோறு போட்டால் எடை ஏன் குறையப்போகிறது?

எண்ணெயைப் பாருங்கள். எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயானாலும் சரி, பாக்கெட் எண்ணெயானாலும் சரி. சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே கேட்ட ஒரு தோழியின் வீட்டுக்குக் காலையில் போயிருந்தேன். அடுப்பருகே எண்ணெய்க் கிண்ணம், அதில் ஒரு சிறு கரண்டி. சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். நான்கு பேருக்குப் பன்னிரண்டு தோசை வார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் ஒரு கரண்டி, திருப்பிப் போட்டதும் நடுவில் இரண்டு சொட்டு. முடிந்ததும் மறுபடி வைத்துப் பார்த்தால் 85 கிராம் குறைந்திருந்தது. அதாவது 765 கலோரி, ஆளுக்கு 190. மாவைப் பற்றியோ சட்னியைப் பற்றியோ இன்னும் பேச்சே எடுக்கவில்லை. அந்தத் தோழி தராசையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார், அவருடைய பாட்டி செய்தது போல.

வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால், முதலில் அதைக் குறையுங்கள். பிறகு தட்டு. பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. மிச்சக் கால் தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதாவது. நம் வீடுகளில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு சிட்டிகையாகவும் இருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டால் போதும். அரிசியைத் தாராளமாகத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள், அளவோடு.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், 38): காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும், பிறகு கொள்ளுக் கஞ்சி. இது கொழுப்பைக் கரைக்குமா?

பதில்: தேன் கரைக்காது தம்பி. ஒரு தேக்கரண்டித் தேனில் சர்க்கரைக்கு நிகரான கலோரி இருக்கிறது. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியில் விஷயம் இருக்கிறது. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் அதிகம், சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. நான்கு இட்லிக்குப் பதிலாகக் குடித்தால் பலன் உண்டு. நான்கு இட்லிக்கு மேல் குடித்தால் இல்லை.

கேள்வி (பெண், 57): முழங்கால் வலியால் நடக்கவே முடியவில்லை. எடை குறைந்தால் வலி குறையும் என்கிறார் மருத்துவர், நடந்தால்தானே எடை குறையும்?

பதில்: இல்லை அம்மா, அதுதான் உங்களுக்கு ஆறுதலான செய்தி. எடைக் குறைப்பைத் தட்டிலிருந்தே தொடங்கலாம், காலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மீது விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைந்தாலே அடிக்கு இருபது கிலோ.

அதோடு நாற்காலியில் நேராக உட்கார்ந்து ஒரு காலை முன்னால் நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். மற்றக் காலுக்கும் அப்படியே. வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரு வேளை. தொடைத் தசை வலுப்பட்டால்தான் மூட்டுக்குத் துணை கிடைக்கும். வலி கூடினால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (கடை உரிமையாளர், 46): நான் ஒல்லி. 5 அடி 6 அங்குலம், 62 கிலோ. எனக்குப் போய்ச் சர்க்கரை என்கிறார்கள். எப்படி?

பதில்: கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் இருக்கிறதா? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன்னையும் லண்டனில் பணியாற்றிய ஜான் யட்கின் என்ற ஆய்வாளரையும் அருகருகே நிறுத்திய புகைப்படம் ஒன்றை 2004இல் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், அதே 22.3. உடல் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. எண் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. நம் மக்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

நீங்கள் எடையைக் குறைக்க வேண்டும் என்பதைவிடத் தசையைக் கூட்ட வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள் தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல், இல்லையென்றால் இரு கையிலும் தண்ணீர்ப் பாட்டில் தூக்கிச் செய்யும் பயிற்சிகள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். கடையை மூடிச் சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாமல் தெருக்கோடி வரை போய் வாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். சில மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் சர்க்கரை மயக்கம் வரும் அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி (பெண், 33): டயட் இருந்து 12 கிலோ குறைத்தேன். ஒன்றரை ஆண்டில் 14 கிலோ ஏறிவிட்டது. என்னிடம் மன உறுதி இல்லையா?

பதில்: உறுதி இல்லாதவரால் 12 கிலோ குறைத்திருக்க முடியாது. எடை குறையும்போது உடல் பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. உடற்பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் வெட்டினால், போகிற எடையில் ஏறத்தாழ கால்வாசி தசையாகவும் இருக்கும். திரும்பி ஏறுவதோ பெரும்பாலும் கொழுப்பு.

உடற்பயிற்சி தன் பலத்தைக் காட்டும் இடம் இதுதான். அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது ஏறாமல் காத்தவர்களுக்கு மட்டும் அதில் இடம். சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடற்பயிற்சியை விடாதவர்கள், சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம். பெரும்பாலும் நடைதான். எடையை இறக்குவதில் அவ்வளவாக உதவாத அதே நடை, இறங்கிய எடையைப் பிடித்து வைக்க உதவுகிறது.

இம்முறை மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க ஆசைப்படாதீர்கள். உங்கள் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதமாவது தினமும் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும், மற்றதைப் பருப்பிலும் சுண்டலிலும் தயிரிலும் தேடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு 14 வயது. கொஞ்சம் குண்டு. என்ன டயட் கொடுக்கலாம்?

பதில்: டயட் என்ற சொல்லை அவள் காதில் விழ விடாதீர்கள். வளர்கிற பெண். சோற்றைப் பறித்தால் எலும்புக்கும் ரத்தத்துக்கும் போக வேண்டியதையும் சேர்த்துப் பறித்துவிடுவோம். என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளை, உறவினர்கள் ஒரு கல்யாணத்தில் சொன்ன ஒற்றை வார்த்தைக்காக ஆறு வாரம் மதிய டப்பாவைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். அம்மா அழைத்து வந்தபோது அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அந்தக் குழந்தையின் கையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, அவ்வளவு குளிர்ந்திருந்தது.

அவளுக்கென்று தனியாக ஒன்றும் சமைக்க வேண்டாம். வீட்டுக்கே மாற்றுங்கள். குளிர்பானப் பாட்டிலை யாருக்கும் வாங்காதீர்கள். மாலைப் பசிக்குப் பிஸ்கட் டப்பா இருக்கும் இடத்தில் வேர்க்கடலையும் கொய்யாவும் வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள். டியூஷனை ஒன்று குறைத்தாலும் பரவாயில்லை. எடைக் கருவியைப் பரணில் போட்டுவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தாலோ, கழுத்தில் கருமை படர்ந்திருந்தாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மாலையில் அவள் பூப்பந்து ஆடக் கூப்பிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் மட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.