600 வாட் ஸ்டிக்கரை நம்பி பேஸ் ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாளையங்கோட்டை. பழைய நான்கு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று வாங்கி ஆறு மாதமாகப் பழகுகிறேன். வீட்டில் பயிற்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் வாசிக்கவும் சேர்த்து ஒரே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட உள்ளூர் ஆம்ப் ஒன்றை 600 வாட் என்று சொல்லி 11,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். அங்கேயே பிராண்ட் ஆம்ப் ஒன்று 8 இஞ்ச் ஸ்பீக்கர், 25 வாட்தான், விலையோ அதிகம். “600-ஐ விட்டுவிட்டு யாராவது 25-ஐ வாங்குவார்களா?” என்கிறார் கிட்டார் கிளாஸ் மாஸ்டர். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, அந்த 25 வாட்டை வாங்குங்கள். 600 வாட் என்பது பொய். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பெட்டி என் மேஜைக்கு ரிப்பேருக்கு வந்தது. முன்பக்கம் தங்க எழுத்தில் 600 வாட் பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட், அதாவது கணநேர உச்ச பவர்) என்று ஸ்டிக்கர். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 2 ஆம்பியர். அதாவது இரண்டு பக்கமும் 12 சேர்த்து 24 வோல்ட், 2 ஆம்பியர், பெருக்கினால் 48. அந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் மொத்தச் சுமையே அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு அலுமினியத் தகட்டில் சத்தத்தைப் பெருக்கும் சில்லுகளான டி.டி.ஏ. 2030 ஐசி இரண்டு. அந்த ஐசி ஒன்று 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 14 வாட் தரும். இரண்டும் சேர்ந்தால் 28. ஸ்பீக்கர் 12 இஞ்ச்தான், ஆனால் அதன் காந்தம் டீ டம்ளர் வாய் அளவு. அந்தப் பையன் பேஸின் தடித்த கம்பியை அடித்து வாசித்ததில் ஸ்பீக்கர் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கருகிப்போயிருந்தது. அவன் மேல் தப்பே இல்லை.

பி.எம்.பி.ஓ. என்ற கணக்குக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. விற்பவர் நினைத்த எண்ணை அச்சடித்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய பவர். கடையில் திருகைக் கழற்ற விடமாட்டார்கள். சரி, பெட்டிக்குப் பின்னால் கரண்ட் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். 0.5 என்றிருந்தால் அதை 230-ஆல் பெருக்குங்கள்: 115. சுவரிலிருந்து தொடர்ந்து 115 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாத பெட்டி ஸ்பீக்கருக்கு 600 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் விற்பவர்கள் தொடர்ந்து தரும் பவரைத்தான் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் கடைத்தெருவில் இன்னும் எந்த எண்ணையும் ஒட்டி விற்கிறார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் முறை வாங்கும் மாணவர்கள். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு.

மாஸ்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாஸ்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஆள் அனுப்பும் மாஸ்டருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு கொடுக்கும் கடைகள் உண்டு; ஆள் அனுப்பினால் பங்கு தருகிறேன் என்று என்னிடமே ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். விலை பேசும் நாளில் மாஸ்டரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது உங்கள் நிஜமான பயத்துக்கு வருகிறேன். 25 வாட் போதுமா? வீட்டுக்குத் தாராளம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். பேஸுக்கு வாட்டைப் போலவே ஸ்பீக்கரும் பெட்டியும் முக்கியம். ஆம்பெக் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த பி-15 பேஸ் ஆம்ப் வெறும் 25 வாட்தான். 15 இஞ்ச் ஸ்பீக்கரும் நல்ல பெட்டியும் சேர்ந்து அதை உலகப் புகழ் பெற வைத்தன. உங்கள் பேஸின் தடித்த கம்பி ஓப்பனில் (விரல் அழுத்தாமல் அடித்தால்) ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். 8 இஞ்ச் ஸ்பீக்கரால் அந்த அடிச்சுரத்தை முழுதாகத் தர முடியாது. அதற்கு மேலே வரும் 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளை வைத்துக் காதே அடியை நிரப்பிக்கொள்ளும். பயிற்சிக்கு அது போதும். ஆம்பை நாற்காலி மேல் வைக்காமல் தரையில், சுவரை ஒட்டி வையுங்கள். பேஸ் நன்றாகக் கூடும்.

சர்ச்சுக்கு 25 வாட் போதாது, டிரம்ஸ் இருந்தால் கேட்கவே கேட்காது. அதற்காக நீங்கள் பெரிய ஆம்ப் வாங்கவும் தேவையில்லை. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் உங்கள் பணம் மிச்சமாகும். சர்ச்சில் மிக்சரும் 15 அல்லது 18 இஞ்ச் ஸ்பீக்கர்களும் இருந்தால் பேஸை ஒரு டி.ஐ. பாக்ஸ் வழியாக மிக்சருக்குக் கொடுத்துவிடலாம். டி.ஐ. பாக்ஸ் கைக்கடக்கமான பெட்டி. பேஸின் சிக்னலை மிக்சர் ஏற்கும்படி மாற்றி, மைக் கேபிளில் நீண்ட தூரமும் அனுப்பும். அது இல்லாமல் நேராக மிக்சரில் சொருகினால் சத்தம் மெலிந்து, தகரம் தட்டியது மாதிரி வரும். (மிக்சரில் ஹை-இசட் என்று ஒரு பட்டன் இருந்தால் பேஸை நேராகவே சொருகலாம்.) ஆனால் இந்த வழி சரிவர இரண்டு விஷயம் வேண்டும். மேடையில் உங்கள் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது. அப்புறம், மிக்சரில் இருப்பவர் ஆராதனை நடுவில் எழுந்து போகிறவராக இருக்கக் கூடாது. மானிட்டர் இல்லையென்றால் உங்கள் 25 வாட்டையே பக்கத்தில், ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதைப் பார்த்து வையுங்கள். டி.ஐ. பாக்ஸில் இரண்டு ஜாக் இருக்கும். ஒன்றில் பேஸ், இன்னொன்றிலிருந்து ஆம்ப். உங்களுக்கு ஆம்ப், சபைக்கு மிக்சர்.

இர்ரென்று ஹம் வந்தால் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் சவுண்ட் சர்வீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எர்த் இல்லாத ஆம்பில் கரண்ட் கசிந்தால் அது பேஸ் கம்பி வரை வரும். கை கம்பியில், உதடு மைக்கில் என்றிருக்கும்போது உயிரே போகலாம். எர்த் ஒடிந்த பிளக்கை யார் கொடுத்தாலும் சொருகாதீர்கள்.

10 இஞ்ச், 40 வாட் ஆம்ப் பழையதாக உங்கள் தொகைக்குள் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். ஃபெண்டர் ரம்பிள் 40 மாதிரி சில ஆம்ப்களில் மிக்சருக்குப் போகும் லைன் அவுட் உள்ளேயே இருக்கிறது, தனி டி.ஐ. பாக்ஸ் வேண்டாம். பழையது பார்க்கப் போனால் உங்கள் பேஸையே கொண்டுபோங்கள். முதலில் ஆம்பை அணைத்துவிட்டு, கிரில்லைக் கழற்ற முடிந்தால், ஸ்பீக்கர் பேப்பரை இரண்டு கை விரல்களாலும் ஒரே சீராக மெல்ல அழுத்தி விடுங்கள். சரசரவென்று உரசல் கேட்டால் காயில் உரசுகிறது. வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஓரத்து ஃபோம் பொடிகிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாக வால்யூமைப் பாதியில் வைத்து, தடித்த கம்பியை ஓப்பனில் அடித்து அது ஓயும்வரை கேளுங்கள். படபடப்போ அதிர்வோ இல்லாமல் அடங்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்று யாராவது விற்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் 230-ல் சொருகிய நொடியில் கெட்டுப்போகலாம். கிட்டார் ஆம்ப் வேண்டவே வேண்டாம். பேஸின் கீழ்ச்சுரம் அந்த ஸ்பீக்கரைக் கெடுத்துவிடலாம்.

25 வாட்டும் சாதாரண டி.ஐ. பாக்ஸும் வாங்கியபின் ஏதாவது மிஞ்சினால் 3 மீட்டர் ஷீல்டு ஜாக் கேபிள் நல்லதாக ஒன்று வாங்குங்கள். கடைக்காரர் இலவசமாகத் தரும் கேபிள் ஒரு மாதத்தில் ஜாக் பக்கம் விட்டுப்போகும். அப்போது ஆம்ப் ரிப்பேர் என்று நினைத்து என்னைப் போன்ற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.