ஆச்சியின் அடுப்படி: காரம் ஆகாத விருந்தாளி

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். என் மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மேலதிகாரி அம்மாள் தை மாதம் எங்கள் வீட்டைப் பார்க்க இரண்டு நாள் வருகிறார். கோழி சாப்பிடுவார், ஆனால் காரம் பட்டாலே கண் கலங்கிவிடுமாம். வழக்கமான கோழிக் குழம்பில் மிளகாய்த்தூளை மூன்று கரண்டியிலிருந்து அரைக் கரண்டியாகக் குறைத்து ஒத்திகை பார்த்தேன். வீட்டில் எல்லோரும் ‘ஆஸ்பத்திரிச் சாப்பாடு’ என்று சொல்லிவிட்டார்கள். நம் செட்டிநாட்டு மணமும் வேண்டும், காரமும் கூடாது. என்ன செய்வது?
– வாசகி, கண்டனூர்

பதில்: நீங்களாவது ஒத்திகை பார்த்தீர்கள். நான் பார்க்காமல் மாட்டிக்கொண்டவள்.

1991-ஆம் வருஷம், என் கொழுந்தனாரோடு படித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்தார். நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். அதே குழம்பு, மிளகாய் மட்டும் குறைவு. ருசி பார்த்தால் வெந்நீரில் மல்லித்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. பந்தி போடும் நேரம் நெருங்கிவிட்டது. பதற்றத்தில் ஒரு கரண்டி மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு இறக்கிவிட்டேன். அது கொதிக்கவும் இல்லை, வேகவும் இல்லை. மனிதர் இரண்டாவது வாயிலேயே கழுத்து வரை சிவந்து தண்ணீர்ச் செம்பைத் தேடினார். ஒரு செம்பு முழுக்கக் குடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், ஒரு கிண்ணம் கெட்டித் தயிரைக் கொண்டுவந்து இலைப் பக்கத்தில் வைத்தார்கள். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

மாமியார் செய்ததற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மிளகாயில் எரிகிற பொருளுக்குக் காப்சைசின் என்று பேர். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் என்ற புரதம் அதைப் பற்றி நாக்கிலிருந்து இழுத்துவிடும். ஆகவே உங்கள் விருந்தாளி பக்கத்தில் தண்ணீரோடு ஒரு டம்ளர் மோரும் இருக்கட்டும்.

சரி, குழம்பு ஏன் சப்பென்று போனது? நாம் வைக்கும் கோழிக் குழம்பு மிளகாயை நடுத்தூணாக நிறுத்திக் கட்டியது. நிறம் அதிலிருந்துதான், கெட்டியும் பாதி அதிலிருந்துதான், மல்லியும் புளிப்பும் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கின்றன. தூணை உருவிவிட்டு மேற்கூரை நிற்கவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. மிளகாயைக் குறைக்காதீர்கள், மிளகாயே இல்லாமல் நிற்கக்கூடிய வேறு குழம்பை வையுங்கள். அதுதான் வெள்ளைக் குருமா. மறுநாள் மாமியார் அதைத்தான் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு கிலோ கோழிக்கு அளவு சொல்கிறேன், ஆறு பேருக்கு வரும். இரண்டு தேக்கரண்டி கசகசாவை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறப்போடுங்கள். ஊறாத கசகசா எவ்வளவு அரைத்தாலும் மணல் மாதிரி பல்லில் நறநறக்கும். அதோடு அரை மூடித் தேங்காய், பத்து முந்திரி, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து வெண்ணெய் போல அரைத்துக்கொள்ளுங்கள். அம்மி இருந்தால் நல்லது. மிக்சி என்றால் நடுவில் இரண்டு முறை நிறுத்தி வழித்துவிட்டு அரையுங்கள். தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவிவிட்டால்தான் குருமா பேருக்கேற்ற வெள்ளையாக வரும். முந்திரி ஆகுமா என்று மட்டும் மகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காரத்தைவிட அது பெரிய ஆபத்து. ஆகாதென்றால் பொட்டுக்கடலையை இரண்டாக்கினால் போதும்.

மணம் முழுக்க எண்ணெயில்தான் பிறக்க வேண்டும். கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி ஊற்றி, விரல் நீளப் பட்டை, கிராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று, அன்னாசிப்பூ ஒன்று, மராத்தி மொக்கு ஒன்று, பிரிஞ்சி இலை ஒன்று, கல்பாசி ஒரு சிட்டிகை, இந்த வரிசையிலேயே போடுங்கள். கல்பாசி சீக்கிரம் கருகும், அதனால் கடைசி. அடுப்பு சின்னதாகவே இருக்கட்டும்; அன்னாசிப்பூ வாசனை முகப்பு வரைக்கும் போகும்வரை பொறுங்கள். காரக் குழம்பில் இந்தச் சாமான்கள் மிளகாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இங்கே இவைதான் முன்னால் நிற்கின்றன. அவசரப்பட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு கறிவேப்பிலை, உரித்துப் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் கால் கிலோ. உரிக்கக் கண் எரியும்தான், பெரிய வெங்காயத்தில் இந்த இனிப்பு கிடைக்காது. கண்ணாடி மாதிரி வதங்கினால் போதும், சிவக்க விடாதீர்கள். இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாடை போகும்வரை. இப்போது நான்கு பச்சை மிளகாயை, கீறாமல், காம்போடு முழுசாகப் போடுங்கள். பயப்படாதீர்கள். காரம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் உள் வெள்ளைத் தண்டில். கீறாமல் விட்டால் அதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கி, பச்சை மிளகாய் வாசனை மட்டும் குழம்பில் இறங்கும். பரிமாறுமுன் எண்ணி நான்கையும் எடுத்துவிடுங்கள். எண்ணி என்று சொன்னதைக் கவனியுங்கள்! ஒன்று விருந்தாளி இலையில் போய் உடைந்தால் 1991 திரும்பிவிடும்.

கோழியைப் போட்டு ஐந்து நிமிஷம் பிரட்டி, அரைக் கிண்ணம் கடைந்த தயிர், உப்பு, மூழ்கும் அளவு வெந்நீர். மஞ்சள்தூள் வேண்டாம், கறி கழுவும்போது போட்டதே போதும். பிராய்லர் கோழி இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழி என்றால் முக்கால் மணிக்கு மேல் ஆகும், குக்கரில் முதலில் வேகவைத்துக்கொள்ளலாம். வெந்ததும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, மெல்லிய தீயில் எட்டு நிமிஷம். தளதளவென்று கொதித்தால் தேங்காய் திரிந்துவிடும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம், ஒரு பிடி மல்லித்தழை.

வீட்டில் இருப்பவர்கள் முனகினால், ஆறு வற்றல் மிளகாயையும் பத்துப் பல் பூண்டையும் எண்ணெயில் தாளித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வேண்டியவர்கள் மேலே ஊற்றிக்கொள்ளட்டும்.

கூட இடியாப்பமோ ஆப்பமோ. வெள்ளைப் பணியாரம் சுட்டால் காரச் சட்னியை உள்ளேயே வைத்துவிட்டுத் தேங்காய்ச் சட்னி கொடுங்கள். இனிப்புக்கு, நம் ஆட்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த கவுனி அரிசி. ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்தால் தீர்ந்தது.

இன்னொன்று. அந்த அம்மாள் ‘செட்டிநாடு என்றால் காரமாமே?’ என்று கேட்கத்தான் செய்வார். நெடுஞ்சாலையில் பத்துக் கடைக்கு ஒரு கடை நம் ஊர்ப் பெயரை எழுதிவைத்து, சிவப்பு எண்ணெய் மிதக்கும் ஒரே குழம்பைக் கோழிக்கும் ஊற்றுகிறார்கள், காளானுக்கும் ஊற்றுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வரும் எரிச்சலுக்குத் தயிரும் போதாது. மிளகாயே 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் போர்ச்சுக்கீசியர்களோடு வந்த சரக்கு. அதற்கு முன்னால் நமக்கிருந்த காரம் மிளகுதான். மிளகு மாதிரி எரிக்கும் காய் என்றுதான் மிளகாய் எனப் பேரே வந்தது. இதை அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கல்பாசி கேட்டால் கடைக்காரர் மரப்பட்டைத் தூள் மாதிரி எதையோ பொட்டலம் கட்டித் தருகிறார். மணமே இல்லை. ஏமாற்றுகிறாரா?
– வாசகர், மேலூர்

பதில்: இல்லை, நல்ல கல்பாசிக்கும் பச்சையாக மோந்தால் மணம் கிடையாது. பாறையிலும் மரத்திலும் படர்கிற லைக்கன் வகை அது, அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளர்வது. சூடான எண்ணெயில் விழுந்தபிறகுதான் வாயைத் திறக்கும். வாங்கும்போது தூளாக வாங்காதீர்கள். ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பாக, காய்ந்த இலை போல மடங்கி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் மண்ணும் மரப்பட்டையும் ஒட்டியிருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் குழம்பு கசக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் நண்பர்களுக்கு வெள்ளைக் குருமா வைக்க ஆசைப்படுகிறான். கசகசா, தேங்காய் எல்லாம் வறுத்துப் பொடியாக்கிக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம்! சிங்கப்பூரிலும் துபாயிலும் கசகசாவுக்குத் தடை உண்டு, விமான நிலையத்தில் பிள்ளை கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். தேங்காயை வறுத்துவிட்டால் குருமா வெள்ளையாகவும் வராது. பட்டை, கிராம்பு, கல்பாசி வகையறாவை மட்டும் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். கசகசாவுக்குப் பதில் முந்திரியை ஐந்து கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தேங்காய் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தாளிக்கு வாழை இலை போடலாமா, தட்டா?
– வாசகி, புதுவயல்

பதில்: இலைதான். ஆனால் குருமாவை ஒரு மங்குக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். இல்லையென்றால் மடியில் ஓடிவிடும். பக்கத்தில் ஒரு கரண்டியும் இருக்கட்டும்.