மூன்று மாதமாக ஒரு வரிகூட நிற்கவில்லை. என்னை வருத்திக்கொள்ளாமல் மறுபடி எழுதத் தொடங்க வழி உண்டா?

உண்டு. நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டதாகச் சொல்கிறீர்கள். தினமும் இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, நாலு வரி அடித்து, நாலையும் அழித்துவிட்டுப் படுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. நானும் ஏழெட்டு மாதம் அப்படி இருந்திருக்கிறேன்.

எனக்கு அது ஒரு விமர்சனத்தில் தொடங்கியது. என் சிறுகதை ஒன்றைப் படித்த நண்பர், "நடை நல்லா இருக்கு, உயிர்தான் இல்லை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. பிறகு எந்த வரியை எழுதினாலும் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அந்தக் குரல் வந்துவிடும். சரக்கு தீர்ந்துபோய்விட்டது என்றே நம்பினேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது: எழுதுகிற நானும் திருத்துகிற நானும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் நாலு வரி அடித்து நாலையும் அழிப்பதிலும் அதுதான் தெரிகிறது. உங்களுக்கு வரிகள் வருகின்றன. அவற்றை இருக்க விடாமல் துரத்துகிறீர்கள்.

இந்தப் பயத்தோடு மல்லுக்கட்டி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. பயம் எட்டிப் பார்க்காத அளவுக்கு வேலையைச் சின்னதாக்கியபோதுதான் கை நகர்ந்தது.

முதலில் லேப்டாப்பை மூடினேன். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்களின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். எப்படியும் குப்பைக்குப் போகிற தாள், அதில் மோசமாக எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. மொபைலில் பத்து நிமிடத்துக்கு அலாரம். அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடிக்கக் கூடாது, மேலே போய்ப் படிக்கவும் கூடாது. அலாரம் அடித்ததும் கட்டாயம் எழுந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் என்று மனதிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பிழிந்தால், மறுநாள் மனம் நம்மை நம்பாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் கடன் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க ஒரு பெரியவர் வருகிறார். கதவு திறக்கிறது. அங்கேயே என் கதை நின்றுவிட்டது. யார் என்ன பேசினாலும் நாடக வசனம் மாதிரி இருந்தது. ஒருநாள் காட்சியை விட்டுவிட்டு, அந்தக் குடையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் எழுதினேன். கறுப்புத் துணி வெளுத்திருக்கிறது, பிடியில் கீறல், பட்டன் சரியாக மாட்டவில்லை... எல்லாம் யாருக்கும் தோன்றுகிற வரிகள். எட்டாவதோ ஒன்பதாவதோ இப்படி வந்தது: "ஒரு கம்பியின் முனையில் மட்டும் பச்சை நூலால் தையல்." அப்படியென்றால் யாரோ அதைத் தைத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் அந்தக் குடை வெறுமனே கிடக்கவில்லை, யாருடைய கையிலோ புழங்கியிருக்கிறது. அந்த யாரோ இப்போது இல்லை, அதனால்தான் அவர் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். நான் யோசித்து இதற்கு வந்து சேரவில்லை. பச்சை நூல் கொண்டுவந்து விட்டது.

உங்கள் ஐந்தாம் அத்தியாயத்திலும் அப்படி ஒரு பொருள் இருக்கும். அத்தியாயத்தை விட்டுவிட்டு அதை எழுதிப் பாருங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில்தான் தொடர வேண்டும் என்றும் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் முதல் சிம்பொனி 1897-இல் அரங்கேறி மோசமாகத் தோற்றது. பத்திரிகை விமர்சனமும் குரூரமாக இருந்தது. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரால் பெரிதாக எதையும் இயற்ற முடியவில்லை. 1900-இன் தொடக்கத்தில் நிகோலாய் தால் என்ற மருத்துவரிடம் சில மாதங்கள் சிகிச்சைக்குப் போனார். ஹிப்னாசிஸும், இதமான பேச்சும், 'உன்னால் முடியும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும்தான் அந்தச் சிகிச்சை. அதிலிருந்து மீண்டு அவர் எழுதியதுதான் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ, அதாவது வாத்தியக் குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கிற இசைப் படைப்பு. அதை தாலுக்கே சமர்ப்பித்தார். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் படைப்பின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள்தான் முதலில் முடிந்தன. 1900 டிசம்பரில் அவற்றை மட்டும் மேடையில் வாசித்தார். முதல் பகுதி 1901-இல்தான் வந்தது. உங்கள் ஒன்பதாம் அத்தியாயம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் தாராளமாக அங்கே போய்விடுங்கள்.

நடந்துவிட்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன. வெறும் சுவரைப் பார்த்து ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது, நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை அப்படி உதவவில்லை. ஆகவே வரி திருத்துவதை மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்து என்ன' என்பதை நடைக்கு எடுத்துப் போங்கள். மொபைலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

இரவு பத்து மணியை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த மூளையிடம் கடைசியாக வேலை கேட்பது நியாயமில்லை. காலையில் பத்து நிமிடம் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எழுத்து மட்டுமல்லாமல் தூக்கம், சாப்பாடு, பிடித்தவர்களோடு பேசுவது எதிலுமே மனம் ஒட்டவில்லை, வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால், இந்த யோசனைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாவல் காத்திருக்கும்.

நான் இன்றுவரை விடாத பழக்கம் ஒன்று: அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்துவது. அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1935-லேயே இளம் எழுத்தாளர்களுக்குச் சொன்ன யோசனை அது. நான் ஒரு படி மேலே போய் வாக்கியத்தையே பாதியில் விடுகிறேன். மறுநாள் காலை வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை, அரை வாக்கியத்தை முடித்தால் போதும். இன்று என் தாளில் நிற்கிற வரி இது: "அவள் குடையை விரித்தாள். பச்சை நூலைக் கண்டதும்"