மெஷின் இருக்கட்டும், அரம் வாங்கினீர்களா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் நீலம். அப்பா வைத்த மரங்கள். முப்பது வயதைத் தாண்டிவிட்டன. உச்சிக் காய்க்குத் துறட்டி எட்டுவதில்லை, ஏறிப் பறிக்க ஆளும் கிடைப்பதில்லை. அறுவடை முடிந்து பத்து நாள் ஆகிறது. கிளைகளைக் கழிக்கலாம் என்றிருக்கிறேன். போன மாதக் காற்றில் வரப்போரத்து வேப்ப மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடக்கிறது. சுற்றளவு ஐந்து அடி, அடிமரம் ஒன்பது அடி தேறும். புது வீட்டுக்குக் கதவுப் பலகையாக அறுக்க ஆசை. வேலூரில் ஒரு கடையில் 62 சிசி, 22 அங்குலச் செயின் சா ஏழாயிரத்துக்குத் தருகிறார்கள். அதிலேயே கிளையும் கழிக்கலாம், பலகையும் அறுக்கலாம், வேலி வெட்டும் கருவி இலவசம் என்கிறார் கடைக்காரர். ஆடித் தள்ளுபடி முடியப்போகிறது. வாங்கலாமா ஐயா?

பதில்: ஆடித் தள்ளுபடியில் துணிமணி எடுங்கள். மரம் அறுக்கும் மெஷின் எடுக்காதீர்கள்.

ஸ்டிக்கரில் 62 என்று ஒட்டியிருப்பதால் உள்ளே 62 இருக்கும் என்று நம்ப வேண்டாம். இருந்தாலுமே உங்கள் தோப்புக்கு அது வேண்டாத சுமை. 40 சிசி சுற்றளவில், 16 அங்குல பார் உள்ள மெஷின் போதும். பார் என்பது சங்கிலி ஓடும் அந்த நீளத் தகடு. 16 அங்குல பாரைக் கொண்டு இருபுறமும் மாறி மாறி அறுத்தால் இரண்டடிக் கனமுள்ள அடிமரத்தையும் துண்டாக்கிவிடலாம். மாமரத்தில் நீங்கள் கழிக்கப்போகும் கிளை ஒரு முழங்கை நீளக் கனத்தைத் தாண்டாது. நல்ல கம்பெனி மெஷினுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை ஆகும். சங்கிலியும் உதிரிபாகமும் ஐந்து வருடம் கழித்தும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இப்போது எதற்கெல்லாம் மானியம் உண்டு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டியது வேறு. மெஷின் வாங்கி ஒரு வாரம் ஆனதும் அதன் பல்லை யார் தீட்டப்போகிறார்கள்?

என் சிறுவயதில் மரம் அறுப்பவர்கள் இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் பள்ளத்தில்; நடுவில் ஆள் உயர வாள். விடிந்ததும் மரத்தைத் தொட மாட்டார்கள். வாளை மடியில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அரம் போடுவார்கள். கூலி கொடுக்கும் என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மதியத்துக்குள் அவர்கள் முடித்துவைத்த வேலையைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்கு மெஷின் வாங்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அரம் கிடையாது. விற்கிறவரும் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த மாதம் புதுச் சங்கிலி விற்காதே.

மெஷினிலிருந்து என்ன விழுகிறது என்று பாருங்கள். பாக்குச் சீவல் போலத் துண்டு துண்டாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. கேழ்வரகு மாவு போலப் பொடி பறந்தால் பல் மொட்டை. மொட்டைச் சங்கிலியை நாம் என்ன செய்கிறோம்? பலம் கொடுத்து அழுத்துகிறோம். அழுத்தினால் பார் சூடாகிறது, எஞ்சின் திணறுகிறது, கை சோர்கிறது, சோர்ந்த கையில் மெஷின் எகிறுகிறது. கெட்டது மெஷின் என்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

அரம் போடுவது வித்தை ஒன்றும் இல்லை. முதலில் உங்கள் சங்கிலிக்கு எந்த அளவு உருட்டு அரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறிய மெஷின்களின் மெல்லிய சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மி.மீ., அதற்கு அடுத்த அளவுக்கு 4.8 மி.மீ. சங்கிலியின் அட்டையில் போட்டிருக்கும். ஒரு கட்டையில் வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகி அசையாமல் நிறுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல்லில் பேனா மையால் பொட்டு வையுங்கள், அங்கே தொடங்கி அங்கே முடிப்பதற்கு. அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்வில், ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆனால் மெஷின் வளைந்து வளைந்து அறுக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு திமில் இருக்கிறதே, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல்லின் நுனியைவிட அது 0.65 மி.மீ. அளவு தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து முறை அரம் போட்டதும் தட்டை அரத்தால் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்து அளவுச் சட்டம் வைத்துப் பாருங்கள். அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் மெஷின் உங்கள் கையைப் பிடுங்கும்.

பெட்ரோல் ஒரு டேங்க் தீர்ந்தால் அரம் ஒரு சுற்று. இதுதான் என் கணக்கு. மண்ணில் ஒருமுறை உரசியிருந்தால் டேங்க் தீரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கடையில் சாணைச் சக்கரத்தில் வைத்து ஐந்தே நிமிடத்தில் தருகிறோம் என்பார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பல் நீலம் பாரித்துக் கிடந்தது. சூட்டில் எஃகின் பதம் மாறிவிட்டது. அதன் மேல் அரம் வைத்தால் கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கியது. அந்தச் சங்கிலி இப்போது என் மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது.

எரிபொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷினோடு வந்த புத்தகத்தில் 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 25க்கு 1 என்றால் 40 மி.லி. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து மெஷினை மூலையில் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். சங்கிலிக்கு டிராக்டரில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அதில் இருப்பது இரும்புத் துகள். ஊற்றாதீர்கள்.

இனி மாமரம். கூர் பற்றி இவ்வளவு பேசியது இதற்காகத்தான். மொட்டைச் சங்கிலி மரத்தை அறுப்பதில்லை, கடித்துக் குதறுகிறது. நார் நாராகக் கிழிந்த காயம் ஆறப் பல மாதம் ஆகும். மாமரத்தின் தண்டுத் துளைப்பான் முட்டை வைக்கத் தேடுவது பட்டை வெடித்த இடங்களைத்தான். நம் பக்கத்துப் பழைய தோப்புகளில் அடிமரத்தில் ஓட்டை விழுந்து மரத்தூள் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு மூன்று ஆண்டு காய் பார்க்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு மரங்களை இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் நடுவில் வானத்தைப் பார்த்து நிற்கும் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் முதலில் கழித்துவிடுங்கள். உள்ளே வெயில் இறங்கும், உயரமும் குறையும். ஆவணிக்குள் முடியுங்கள். தள்ளிப்போனால் புதுத் தளிர் முற்றாது, தையில் பூவும் வராது.

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து பட்டையைத் தாய்மரம்வரை உரித்துக்கொண்டு விழும். அடியிலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்புறம் கால்பங்கு ஆழம் ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சமுள்ள கட்டையை, கிளை பிரியும் இடத்தில் கழுத்துச் சதைபோல் ஒரு மடிப்பு இருக்கும், அதைக் காயப்படுத்தாமல் அதன் வெளி விளிம்பில் அறுத்தெடுங்கள். காயத்துக்குப் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர், பிளாஸ்டிக் வாளியில். திடீரென்று வெயில் படும் கிளைகளின் மேற்பக்கம் சுண்ணாம்பு அடியுங்கள். வேலூர் வெயில் மாம்பட்டையையும் வெடிக்க வைக்கும். சந்தேகம் வந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

மெஷினோடு மரம் ஏறாதீர்கள். ஏணியில் நின்றும் ஓட்டாதீர்கள். பாரின் நுனியில் மேல் பாதி எதன் மீதாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்குமுன் முகத்துக்கு எகிறும். மணிக்கட்டுக் கனமுள்ள கிளைக்கு வளைந்த கைவாள் போதும். இழுக்கும்போது அறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கம்பில் கட்டினால் தரையில் நின்றே அறுக்கலாம். உங்கள் தோப்பு வேலையில் பாதி அதிலேயே முடியும். லுங்கி, தோளில் துண்டு இரண்டும் வேண்டாம்.

வேலிக்கு இலவசமாகத் தரும் கருவி எது என்று எழுதவில்லை. இரட்டை வரிசைப் பல் கொண்டதாக இருந்தால் விரல் கனத்துக்கு மேல் அது வெட்டாது. மருதாணி வேலிக்குச் சரி. கிளுவைக்கும் கொடுக்காப்புளிக்கும் கொடுவாள்தான். அடி அகலமாக, உச்சி குறுகலாக வெட்டினால் வேலியின் காலில் வெயில் படும், ஆடு நுழைய ஓட்டை விழாது. வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம், இருந்தால் வெட்டி அழகு பார்க்காதீர்கள், வேரோடு எடுங்கள். மலையடிவாரம் என்கிறீர்கள், வரப்பில் சந்தனம் தானாக முளைத்திருந்தால் வனத்துறையைக் கேட்காமல் அதன் மேல் கத்தி வைக்க வேண்டாம்.

சாய்ந்த வேம்பு எனக்குக் கவலை தருகிறது. வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்ததும், பாரம் நீங்கிய வேர்மண் கட்டி பழையபடி குழிக்குள் பொத்தென்று விழும். அந்தக் குழியில் ஆள் நிற்கக் கூடாது. பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். தொங்கும் கட்டையில் எந்தப் பக்கம் நசுங்கி இருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டு இருக்கிறது என்று பார்த்து, நசுங்கிய பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு இழுபட்ட பக்கம் முடியுங்கள். மாற்றிச் செய்தால் மரம் பிளந்து அடிக்கும்.

பலகையை வீட்டில் அறுக்காதீர்கள். நீளவாக்கில் அறுக்க 70 சிசிக்கு மேல் வேண்டும், சங்கிலியும் தனி. அதைவிட மரத்தின் கணக்கைப் பாருங்கள். செயின் சா ஒவ்வொரு அறுப்புக்கும் 9 மி.மீ. அளவு மரத்தைத் தூளாக்கும். ஓர் அங்குலப் பலகை பத்து எடுக்க நடுவில் ஒன்பது அறுப்பு; மூன்று பலகைக்கான மரம் தூளாகிவிடும். மில்லின் பட்டை வாள் இரண்டு மூன்று மி.மீ.தான் தின்னும், மிஞ்சினால் ஏறக்குறைய ஒரு பலகைதான் போகும். மில்லில் சுற்றளவின் கால்பாகத்தைப் பெருக்கித்தான் அளப்பார்கள்: 60 அங்குலத்தில் கால்பாகம் 15, 15ஐ 15ஆல் பெருக்கி, நீளம் 9 அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 14 கன அடி. அதற்கு மேல் அறுப்புக்கூலி கேட்டால் டேப்பை நீங்களே பிடியுங்கள். யாராவது வேம்பில் மஞ்சள் துணி கட்டி ஆணி அடித்திருந்தால் ஏற்றுவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள். வாள் உடைந்தால் செலவு உங்கள் தலையில்.

வெட்டிய அன்றே இரு முனைகளுக்கும் பெயிண்டோ மெழுகோ பூசினால் வெடிப்பு குறையும். அறுத்த பலகைகளை நிழலில், இரண்டடிக்கு ஒரு குச்சி இடையில் வைத்து, காற்றுப் போக அடுக்குங்கள். அங்குலப் பலகைக்கு ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். வருகிற தையில் புதுமனை புகுவிழா என்று நாள் குறித்திருந்தால் கதவுக்கு உலர்ந்த மரம் வெளியில் வாங்குங்கள்; இந்த வேம்பை அடுத்த ஆடிக்குப் பிறகு அலமாரிக்கு எடுங்கள்.