ஆடிக் காற்றும் சைக்கிள் கம்ப்யூட்டரும்

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர்ச் சாலையில் கியர் சைக்கிள் ஓட்டுகிறேன். அடுத்த வருடம் 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், முடிக்க ஆசை. வேகம், தூரம் எல்லாம் காட்டும் ஒயர் இல்லாத சைக்கிள் கம்ப்யூட்டர் ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? ஏற்றத்தின் உயரம் காட்டும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: உயரத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வழியில் ஏற்றம் என்றால் பாலங்கள்தான். டெல்டாவில் நமக்கு மலை என்பது காற்று. ஆனி, ஆடியில் தஞ்சாவூரை நோக்கிப் போகும்போது மேற்குக் காற்று முகத்தில் அறையும். மூச்சு முட்ட மிதித்தாலும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது. திரும்பி வரும்போது அதே உழைப்புக்கு 30 காட்டும். வெறும் வேகத்தைப் பார்த்துப் பயிற்சி செய்பவர் போகும்போது தன்னைக் கசக்கிக்கொள்வார், வரும்போது சும்மா உட்கார்ந்து வருவார். அதனால் உங்களுக்கு வேண்டியது இதயத்துடிப்பையும் கேடன்ஸையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதையும், காட்டும் கருவி. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உங்கள் உழைப்பு தெரியும். மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் இதைவிடத் துல்லியம்தான், ஆனால் விலை அதிகம். முதல் வருடம் அது இல்லாமலே ஓட்டலாம்.

ஆயிரம் ரூபாய் வகையில் பெரும்பாலும் பழைய அனலாக் சிக்னல்தான் இருக்கும். முன் ஃபோர்க்கில் சென்சார், சக்கரக் கம்பியில் காந்தம். இதில் கேடன்ஸும் இதயத்துடிப்பும் வராது. இடையூறும் உண்டு. நான் முதலில் வாங்கியது அந்த வகை. விடியலுக்கு முன்னால் எல்இடி விளக்கைப் போட்டால் போதும், நின்றுகொண்டிருக்கும்போதே வேகம் தாறுமாறாக ஏறும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே ஆன்ட் பிளஸ் (ANT+, சென்சார்களை ஒயர் இல்லாமல் இணைக்கும் முறை), புளூடூத் இரண்டும் உள்ள, ஜிபிஎஸ் வசதி கொண்ட சாதாரண மாடல் ஒன்றை வாங்குங்கள். பெரிய வண்ணத் திரையும் வரைபடமும் இல்லாவிட்டால் பரவாயில்லை. பேட்டரியை மட்டும் கவனியுங்கள். 200 கிலோமீட்டர் பிரெவேவுக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். கம்பெனி சொல்லும் பேட்டரி நேரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனென்றால் சென்சார்களை இணைத்து, திரை வெளிச்சத்தையும் கூட்டினால் அது சீக்கிரம் இறங்கிவிடும். தண்ணீர் தாங்குவதற்கு ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்க வேண்டும்.

சென்சார் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 'வேகம், கேடன்ஸ் இரண்டும்' என்று அட்டையில் போட்டிருக்கும். பல மாடல்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மற்றதற்கு மாறும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு வாங்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) கேடன்ஸுக்கு மாட்ட ஒன்று போதும், ரோட்டில் வேகத்தை ஜிபிஎஸ் சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில்) மிதிப்பதாக இருந்தால், வேகத்துக்காகப் பின்சக்கர ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதிக்கு) இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது டயர் சுற்றளவைச் சரியாகப் பதியுங்கள்: 700x25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 700x32-க்கு 2155. மாற்றிப் பதிந்தால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பிசகும். இதயத்துடிப்புக்கு மார்புப் பட்டைதான் நல்லது. கை வாட்ச், ஹேண்டில்பாரின் அதிர்வில் தடுமாறும்.

இன்னொன்று. இவை பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். இவை இல்லாத பெட்டியை விலை குறைவு என்று வாங்கினால், பழுதானபின் யாரிடம் போவது? பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டியைத் தருவது விற்பவரா, இறக்குமதியாளரா என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். விற்றவர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. பில்லையும் பெட்டியின் புகைப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.